முகூர்த்த நாளும் முன்பதிவுத் தளமும்: பள்ளிக்கரணையில் ஓரிரவு வாடகை

வீட்டை மாத வாடகைக்கு விடுபவர் விலையை ஒருமுறை பேசி முடித்துவிட்டால், அந்த விலை பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்வரை நிற்கிறது. அதே வீட்டை நாள் வாடகைக்கு விடுபவருக்கு ஆண்டின் 365 இரவுகளும் தனித்தனிச் சரக்குகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக விலை சொல்ல வேண்டியிருப்பதோடு, விற்காமல் போன இரவை விடிந்தபின் எந்த விலைக்கும் விற்க முடிவதில்லை. பள்ளிக்கரணையிலும் அதை ஒட்டிய மேடவாக்கம், பெரும்பாக்கம், வேளச்சேரி பகுதிகளிலும், முதலீட்டுக்கென வாங்கிய இரண்டாவது அடுக்குமாடி வீட்டையோ தனிவீட்டின் மாடியையோ இவ்வாறு விடுபவர்கள், ஏர்பிஎன்பி போன்ற முன்பதிவுத் தளங்களின் நாட்காட்டியைத் திறக்கும்போதெல்லாம் எந்த இரவுக்கு என்ன விலை என்ற கேள்வியை எதிர்கொள்கின்றனர்.

அவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் விடைகள், அதாவது தளத்தின் தானியங்கிப் பரிந்துரையும், வார இறுதியில் ஏற்றி வார நாளில் இறக்கச் சொல்லும் பொது அறிவுரையும், பெரும்பாலும் உல்லாசப் பயணியை மனத்தில் வைத்து உருவானவை. பள்ளிக்கரணைக்கோ பள்ளிக்கரணையைப் பார்ப்பதற்காக வந்து தங்குபவர் அரிது. (சதுப்பு நிலத்தில் பூநாரை பார்க்க வருபவர்கள் விடியற்காலையில் வந்து வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார்கள்.) கல்யாணம், அறுவை சிகிச்சை, அலுவலக வேலை, அதிகாலை விமானம் என ஏதோ ஒரு காரியத்துக்கு வந்தவரே இங்கே இரவு தங்குகிறார். ஆகவே அறையின் அழகையும் வாரத்தின் கிழமையையும் விட, வந்தவரின் காரியம் என்ன, அதற்கான பணத்தைக் கொடுப்பவர் யார் என்பவையே இங்கு ஓரிரவின் விலையைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

காலியாகப் போகக்கூடிய இடத்துக்கு விலை வைக்கும் கலை விமானத் துறையில் வளர்ந்தது. பி.ஓ.ஏ.சி. என்னும் பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் 1972இல் முன்வைத்த விதி மிக எளியது: குறைந்த கட்டணம் தர முன்கூட்டியே ஒருவர் வரும்போது, அதிகக் கட்டணம் தரும் இன்னொருவர் பின்னர் வரக்கூடிய வாய்ப்பை அந்த அதிகக் கட்டணத்தோடு பெருக்கிப் பார்க்க வேண்டும், பெருக்குத்தொகை குறைந்த கட்டணத்தைவிடச் சிறிதாக இருந்தால் கையில் இருப்பவருக்கே இருக்கையைக் கொடுத்துவிடலாம், பெரிதாக இருந்தால் காத்திருக்கலாம். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியபின், ராபர்ட் கிராண்டால் தலைமையிலான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985இல் இந்தச் சிந்தனையைக் கணினியோடு இணைத்து மலிவுக் கட்டணப் போரில் இறங்கியது. அதுவரை மலிவுக் கட்டணத்தால் வளர்ந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் மறு ஆண்டே விற்கப்பட்டது. பின்னர் பெரிய ஓட்டல் நிறுவனங்கள் அதே முறையைக் கைக்கொண்டன. 2008இல் தொடங்கிய ஏர்பிஎன்பி, 2015இல் தானாகவே நாளுக்கு நாள் விலையை மாற்றும் வசதியைத் தனிவீட்டுக்காரர் கைக்கும் கொண்டுவந்தது. இருநூறு இருக்கைகளையும் முந்நூறு அறைகளையும் வைத்திருப்போருக்காகப் பிறந்த கணக்கு, இரண்டு படுக்கையறை கொண்ட ஒற்றை வீட்டுக்கு வந்து சேர்ந்த வழி இது. இருநூறு இருக்கைகளில் சராசரி வேலை செய்யும். ஒரே வீடு ஒன்று நிரம்பியிருக்கும், அல்லது காலியாக இருக்கும்.

பள்ளிக்கரணையின் இட அமைப்பு இந்தக் கணக்கில் முதல் சிக்கலை உண்டாக்குகிறது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இப்பகுதி, வேளச்சேரி–தாம்பரம் சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால், ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையையும் மீனம்பாக்கம் விமான நிலையத்தையும், மறுபக்கம் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களையும் எட்டுகிறது. நடுவே இருப்பது 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, 1,247.54 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலம். தளத்தின் வரைபடத்தில் பள்ளிக்கரணை வீடும் பெருங்குடி வீடும் விரல் நுனி இடைவெளியில் தெரியும். சாலையில் போகிறவர் சதுப்பு நிலத்தைச் சுற்றியாக வேண்டும். எனவே வரைபடத்தில் அருகில் தெரியும் வீட்டின் விலையைப் பார்த்துத் தன் விலையை வைப்பவர் தவறான அண்டை வீட்டாரோடு போட்டியிடுகிறார். பெருங்குடியில் தங்க நினைப்பவருக்குப் பள்ளிக்கரணை மாற்று ஆகாது. பெரும்பாக்கத்தில் மருத்துவமனைக்கு வந்தவருக்கு மேடவாக்கம் வீடு உண்மையான போட்டி. வீட்டின் இயல்புகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றும் விலையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது எனக் கணிக்கும் முறையைப் பொருளியலார் பண்புசார் விலை மதிப்பீடு என்பர். இங்கே அந்தப் பண்புகளில் முதலிடம், போக வேண்டிய வாசலுக்கு ஆட்டோவில் எத்தனை நிமிடம் என்பதற்குத்தான்.

ஒரு பொருளுக்கான தேவை இன்னொன்றின் தேவையிலிருந்து பிறக்குமானால் அதைத் தருவிக்கப்பட்ட தேவை என்பது பொருளியல் வழக்கு. செங்கல்லுக்கான தேவை வீட்டுக்கான தேவையிலிருந்து பிறப்பது இதற்குப் பாடநூல் உதாரணம். பள்ளிக்கரணையின் ஓரிரவு முழுக்க முழுக்க இவ்வகையைச் சேர்ந்தது. அந்தத் தேவையின் ஊற்றுகளைத் தனித்தனியே பார்த்தால்தான் விலைக்கு அடிப்படை கிடைக்கும்.

முதலாவது கல்யாணம். வேளச்சேரி–தாம்பரம் சாலையிலும் மேடவாக்கம் பக்கத்திலும் உள்ள மண்டபங்களில் மணமக்கள் வீட்டாருக்கான அறைகள் சிலவே இருக்கும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு வெளியே அறை பிடித்தாக வேண்டும். சென்னையில் ரிசப்ஷனை முகூர்த்தத்துக்கு முந்தைய மாலையே வைத்துவிடுவது பெருவழக்கு ஆதலால், கிராக்கி ஏறுவது முகூர்த்த நாளின் இரவில் அல்ல, முந்தைய இரவில். செவ்வாயும் சனியும் பலர் தவிர்க்கும் கிழமைகள். ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், வெள்ளியில் முகூர்த்தம் அமையலாம். வியாழக்கிழமை வளர்பிறை முகூர்த்தம் என்றால் புதன் இரவுதான் உச்சம். தளத்தின் கணக்குக்குப் புதன்கிழமை வாரத்தின் தளர்ந்த நாள். கடந்த ஆண்டு இதே தேதியில் கிராக்கி இருந்ததா என்று அது பின்னோக்கிப் பார்த்தாலும் பயனில்லை, ஏனெனில் முகூர்த்தம் ஆங்கிலத் தேதியோடு ஒட்டி நிற்பதில்லை. ஆடியும் மார்கழியும் வந்தால் இந்த ஊற்று கிட்டத்தட்ட வற்றிவிடும், புரட்டாசியில் மெலியும். தை பிறந்தால் மீண்டும் பெருகும். இத்தனையும் தினசரி நாட்காட்டியில் அச்சாகி, ஆண்டு தொடங்குமுன்பே சமையலறைச் சுவரில் தொங்குகிற செய்தி.

கல்யாணத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தங்குபவர் வேறு, பணம் கொடுப்பவர் வேறு என்பது. அறைக்கான பணம் பெரும்பாலும் கல்யாண வீட்டாருடையது. மண்டபம், சமையல், பூ அலங்காரம் என்று லட்சங்களில் ஓடும் செலவுக்கு நடுவே ஓரிரவுக்கு 500 ரூபாய் கூடுதல் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படாது, ஆனால் மொத்தமாக நான்கு வீடு எடுப்பதால் மொத்தத்தில் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார்கள். விலை ஏறும்போது வாங்குபவர் எந்த அளவுக்குப் பின்வாங்குகிறார் என்பதைத் தேவை நெகிழ்ச்சி என்பர். கல்யாண வீட்டாரின் நெகிழ்ச்சி அந்த ஓரிரவில் மிகக் குறைவு, ஏனெனில் நாளை மாற்ற முடியாது. மண்டபத்தை மாதக்கணக்கில் முன்பே பிடித்தாலும், அறை தேடுவது பத்திரிகை கொடுத்து முடித்து யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகே. ஆகவே இந்த இரவுகளுக்கான கிராக்கி பிந்தித்தான் தலைகாட்டும். இரண்டு மாதம் முன்பே அந்த இரவைச் சாதாரண விலைக்கு விற்றுவிட்ட வீட்டுக்காரருக்கு அது தெரியவே வராது.

இரண்டாவது ஊற்று மருத்துவமனை. பள்ளிக்கரணையில் காமாட்சி மருத்துவமனை, பெரும்பாக்கத்தில் கிளெனீகிள்ஸ், குரோம்பேட்டையில் ரேலா, தரமணியில் 2019இல் திறக்கப்பட்ட அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையம் ஆகியவை ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை. கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றவர் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகும் பரிசோதனைக்காக வாரக்கணக்கில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நீளும். இவர்கள் கேட்பது நீச்சல்குளத்தை அல்ல; மின்தூக்கி, மேற்கத்திய கழிப்பறை, கஞ்சி வைக்க ஓர் அடுப்பு. கையிருப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கும் குடும்பமே பணம் கொடுப்பதால், ஓரிரவின் விலையில் 300 ரூபாய் ஏறினால் முப்பது இரவுக்கு 9,000 என்று அவர்கள் உடனே பெருக்கிப் பார்ப்பார்கள். இவர்களின் வருகை அரசியலையும் சார்ந்தது: வங்கதேசத்தில் 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்து இந்திய விசா வழங்கல் சுருங்கியபோது, அங்கிருந்து சென்னைக்கு வரும் நோயாளிகளின் எண்ணிக்கையும் சரிந்தது.

மூன்றாவது அலுவல். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் உள்ளன. அவற்றுக்கு வரும் மத்திய அரசு ஊழியருக்கு அறை வாடகை உச்சவரம்பு உண்டு. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017இல் வந்த விதிப்படி, ஊதிய நிலை 9 முதல் 11 வரை உள்ளவர்களுக்கு அது நாளொன்றுக்கு 2,250 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டால் வரம்பு 25 சதவீதம் கூட வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி 2024 ஜனவரிக்குப் பின் 2,800 ரூபாயை ஒட்டி உயர்ந்தது. இளநிலை விஞ்ஞானிக்கு 2,750 ரூபாய் அறையும் 1,900 ரூபாய் அறையும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டுக்கும் அலுவலகம் பணம் தரும்; 3,000 ரூபாய் அறை மட்டும் அவருக்கு வேறு உலகம், மிகுதி அவர் பையிலிருந்து போகும். விலைக்கும் தேவைக்கும் இடையே வழவழப்பான வளைகோட்டை எதிர்பார்க்கும் எந்தக் கணக்கும் இந்தப் படிக்கட்டைப் பார்க்காது. மென்பொருள் ஊழியர்களில், சொந்த ஊரிலிருந்து வேலை செய்துகொண்டு அலுவலகம் அழைக்கும் நாட்களுக்கு மட்டும் வந்து போகிறவர்கள் உண்டு; அவர்கள் தங்குவது வார நடுவில்.

இவற்றைத் தவிர்த்த பிற ஊற்றுகள் சிறியவை. அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெற்றோரைப் பார்க்க வருபவர்கள், பெற்றோர் வீட்டில் இடம் போதாமல் அதே தெருவில் வீடு கேட்பது பள்ளி விடுமுறைக் காலங்களில் நிகழும். ஜூன், ஜூலையில் மாநிலம் முழுவதிலிருந்தும் குடும்பங்களைக் கிண்டிக்கு வரவழைத்த பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையவழிக்கு மாறியதோடு ஓர் ஊற்று தூர்ந்துபோனது.

பண்டிகை இங்கு நேர்மாறாக வேலை செய்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னை ஊருக்குப் போகிற நகரம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அந்த நாட்களில் எதிர்கொள்ளும் கூட்டம் நகரை விட்டு வெளியேறும் கூட்டம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கடலோர வீடுகளுக்கு அதே விடுமுறை நாட்கள் பொன்னாட்கள். விடுமுறை என்றால் விலையை ஏற்றும் கணக்கு முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் பொருந்தும். பள்ளிக்கரணையில் அதை நம்புகிறவர் பொங்கல் வாரம் முழுவதும் பூட்டிய வீட்டைக் காத்துக்கொண்டிருப்பார்.

இனி செலவுக் கணக்கு. பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும். மாத வாடகைக்கு விட்டால் 22,000 ரூபாய் தரக்கூடிய இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை நாள் வாடகைக்கு விடும்போது, அந்த 22,000 கைவிடப்படுகிறது. இதுவே பொருளியலார் சொல்லும் வாய்ப்புச் செலவு. (மாத வாடகையோடு வரும் அட்வான்ஸ் தொகையின் வட்டியும் இதில் சேர வேண்டும், அதை யாரும் சேர்ப்பதில்லை.) அசோசியேஷனுக்கு மெயின்டனன்ஸ் 3,000, இணைய இணைப்பு 1,000, கட்டில், மெத்தை, ஏ.சி., பிரிட்ஜ் முதலியவற்றுக்குப் போட்ட 3,60,000 ரூபாயை ஐந்தாண்டில் மீட்பதற்கு மாதம் 6,000 எனச் சேர்த்தால், யாரும் வராவிட்டாலும் மாதம் 32,000 ரூபாய் ஓடுகிறது. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்பவருக்கு 500, பெட்ஷீட், துண்டு சலவைக்கு 250, சோப்பு, கேன் தண்ணீர், காப்பித்தூள் வகையில் 150 என 900 ரூபாய். தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் மின்சாரமும் லாரித் தண்ணீரும் 200 ரூபாய். கோடையில் இந்த 200 போதாது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடும் தமிழக வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டியதும் அடுத்த யூனிட்டுகளின் விலை 8 ரூபாய்க்கு மேலும், 1,000 யூனிட்டைத் தாண்டியதும் 11 ரூபாய்க்கு மேலும் போவதால், கதவைத் திறந்து வைத்து ஏ.சி. ஓட்டும் விருந்தினர் மே மாதத்தில் வீட்டுக்காரரின் லாபத்தைக் குளிரவைத்துவிட்டுப் போகிறார்.

இந்த வீடு மாதத்தில் 16 இரவு நிரம்பி, ஒவ்வொருவரும் சராசரியாக இரண்டு இரவு தங்கினால், ஆள் மாற்றம் எட்டு. செலவு 32,000, 7,200, 3,200 சேர்ந்து 42,400. ஓரிரவுக்கு 2,650 ரூபாய். அதே 16 இரவை நான்கு பேர் நான்கு நான்கு இரவாகத் தங்கினால் ஓரிரவுக்கு 2,425 போதும். 22 இரவு நிரம்பி, தங்கும் காலமும் நான்கு இரவாக இருந்தால் 1,880க்கு இறங்கிவிடும். தளத்தின் கழிவு இதற்கு மேல். ஆனால் இன்றிரவு காலியாக இருக்கும் வீட்டை ஒரே ஓரிரவுக்குக் கொடுப்பதால் புதிதாக ஆகும் செலவு, அதாவது இறுதிநிலைச் செலவு, 1,100 ரூபாய் மட்டுமே. ஏற்கெனவே தங்கியிருப்பவர் இன்னோர் இரவு இருந்தால் 200 ரூபாய் மட்டுமே. ஆண்டு முழுவதற்குமான அடித்தளம் 1,880 முதல் 2,650 ரூபாய் வரை. இன்றிரவுக்கான அடித்தளம் 1,100. நீட்டிப்புக்கான அடித்தளம் 200. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மாலை ஏழு மணிக்கும் விலையை இறக்க மறுப்பவரும், இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் 1,200க்கு விடுபவரும் ஒரே அளவுக்குப் பிழை செய்கிறார்கள். இரண்டாமவரின் வீடு எப்போதும் நிரம்பியிருப்பதால் அவருக்குத் தன் நட்டம் தெரிவது தாமதமாகும்.

தானியங்கி விலையைப் பற்றிய நல்ல ஆய்வொன்று இங்கே உதவும். அமெரிக்காவின் ஏழு நகரங்களில் உள்ள ஏர்பிஎன்பி வீடுகளை ஆராய்ந்து ஷுன்யுவான் ஜாங் முதலியோர் 2021இல் வெளியிட்ட கட்டுரை, தானியங்கி விலையை ஏற்றவர்களின் சராசரி ஓரிரவு வாடகை 5.7 சதவீதம் குறைந்தபோதும், நாள் வருவாய் சராசரியாக 8.6 சதவீதம் கூடியது எனக் கண்டது. அதாவது வீட்டுக்காரர்கள் தாமாக வைத்த விலை பொதுவாக அதிகமாகவே இருந்தது. கணினி அதை இறக்கி, இரவுகளை நிரப்பியது. இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது கூறுவது வருவாயைப் பற்றி. கையில் மிஞ்சுவதைப் பற்றி அல்ல. மேற்சொன்ன வீட்டில் 3,000 ரூபாய்க்கு 12 இரவு போனால் வருவாய் 36,000. 2,200 ரூபாய்க்கு 20 இரவு போனால் 44,000. இரண்டு இரவுக்கு ஓர் ஆள் மாற்றம் என்ற கணக்கில், நிலையான 32,000ஐ விட்டுவிட்டு மற்றச் செலவை மட்டும் கழித்தால் முதலாவதில் 28,200ம் இரண்டாவதில் 31,000ம் நிற்கும். 8,000 ரூபாய் வித்தியாசம் 2,800ஆகச் சுருங்குகிறது. மெத்தையின் தேய்மானமும், நான்கு சாவிக் கைமாற்றம் கூடுவதால் அசோசியேஷன் செயலாளரின் முகம் கடுப்பதும் இதில் இன்னும் சேரவில்லை. தளத்துக்குக் கிடைப்பது வருவாயில் ஒரு பங்கு. பெட்ஷீட் துவைக்கும் செலவில் அதற்குப் பங்கில்லை. எனவே இரவுகளை நிரப்புவதில் தளத்துக்கு இருக்கும் ஆர்வம் வீட்டுக்காரரின் ஆர்வத்தைவிட எப்போதும் ஒரு படி அதிகமாகவே இருக்கும், அதில் சதி எதுவும் இல்லாவிட்டாலும்.

லிட்டில்வுட்டின் விதியை இந்த ஒற்றை வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஞாயிறு முகூர்த்தத்துக்கு முந்தைய சனி இரவை மூன்று வாரம் முன்பே ஒருவர் 2,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கல்யாண வீட்டார் ஒருவர் பின்னர் 3,500 ரூபாய்க்கு வர 60 சதவீத வாய்ப்பு இருப்பதாக வீட்டுக்காரர் தன் அனுபவத்தில் கருதினால், பெருக்குத்தொகை 2,100. காத்திருப்பதே விதியின் தீர்ப்பு. அதே இரவை உள்ளடக்கிப் பத்து இரவுக்கு ஒரு சிகிச்சைக் குடும்பம் இரவுக்கு 1,800 வீதம் கேட்டால் தீர்ப்பு தலைகீழாகிறது. அவர்களிடமிருந்து 18,000 வரும், செலவு 2,900 போக 15,100 நிற்கும். அவர்களை மறுத்தால் சனி இரவின் எதிர்பார்ப்பு 2,100. மற்ற ஒன்பது இரவுகள் 2,200 ரூபாய்க்கு அரைக்கு அரை நிரம்பும் எனக் கொண்டால் 9,900. செலவைக் கழிப்பதற்கு முன்பே மொத்தம் 12,000தான். பள்ளிக்கரணையில் வார, மாத வாடகைத் தள்ளுபடியை எவ்வளவு வைப்பது என்பது, வெள்ளி சனிக்கு எவ்வளவு ஏற்றுவது என்பதைவிட முக்கியமான முடிவாவது இதனால்தான். பெரும்பாலான விலை அறிவுரைகள் இரண்டாவதைப் பற்றியே பேசுகின்றன.

இந்நிலத்தின் இயற்கையும் விலையில் நுழைகிறது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரல் இறுதியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது; சாதாரண நாட்களிலும் காற்று திசைமாறினால் வாடை வரும், அது விருந்தினரின் மதிப்புரையில் பதிவாகிவிட்டால் அடுத்த பல மாத விலையை அமுக்கும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல, தங்க வருபவர் குறைந்த அதே வேளையில் லாரித் தண்ணீரின் விலை ஏறியது. தேவை விழும்போதே செலவு ஏறும் இத்தகைய காலத்துக்கு எந்த நாட்காட்டியும் தயாராக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நிலைமை மாடிக்கு ஒன்றாகப் பிரிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் தெருக்களில் நீர் நின்றது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். அந்த வாரங்களில் தரைத்தள வீட்டுக்கு விலை என்பதே இல்லை, இரண்டாம் மாடி வீட்டுக்கோ உள்ளூர்க்காரரே வாடிக்கையாளர்.

வரியும் சட்டமும் விலையில் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. 1,000 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கு 2022 ஜூலை 18இல் நீங்கி, 7,500 ரூபாய் வரை 12 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வருவாயுள்ள, வரிப்பதிவு தேவைப்படாத வீட்டுக்காரர் தளத்தின் வழியாக அறை விடும்போது இந்த வரியைத் தளமே வசூலித்துச் செலுத்த வேண்டும். நேரடியாக விடும்போது வரி எழாது. தளத்தின் வழியாக வந்தவர் அடுத்த முறை நேராகத் தொலைபேசியில் அழைப்பதன் பொருளாதாரம் இதில் இருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை இணையவழியே பதிவேற்ற வேண்டும் என்பது வீட்டுக்காரரின் கடமை.

விலையை எதுவரை ஏற்றலாம் என்ற கேள்விக்குச் சட்டம் விடை தரவில்லை. வாடகைக் காருக்கு மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு என்றும், 2025ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரு மடங்கு என்றும் வரம்பு வைத்தன. ஓரிரவு அறைக்கு அத்தகைய வரம்பு இல்லை. முகூர்த்த இரவுக்கு இரு மடங்கு கேட்பதைக் குறைசொல்ல அதிகம் இல்லை, கல்யாண வீட்டார் நாளையும் மண்டபத்தையும் மாதக்கணக்கில் யோசித்துத் தேர்ந்தவர்கள். வெள்ள இரவு வேறு. சிகிச்சைக்கு வந்தவரின் நீட்டிப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கடினமான நேர்வு: புதன்கிழமை கிளம்ப வேண்டியவரிடம் மருத்துவர், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இன்னும் இரண்டு நாள் இருங்கள் என்கிறார், அந்தப் புதன் இரவோ வியாழன் முகூர்த்தத்துக்கு முந்தையது, தளத்தின் நாட்காட்டியில் அது 3,500 ரூபாய்க்கு ஏறி நிற்கிறது. நீட்டிப்பவரால் ஆகும் கூடுதல் செலவு 200 ரூபாய். அவரை அனுப்பிவிட்டுக் கல்யாண வீட்டாருக்குக் கொடுத்தால் சலவையும் சுத்தமும் சேர்ந்து 1,100. பழைய 1,800 ரூபாய் விலையிலேயே அவரை இருக்கவிட்டால் 1,600 நிற்கும், கல்யாண வீட்டார் உறுதியாக வந்தால் 2,400 நிற்கும். 800 ரூபாய்க்காகத் தையல் பிரியாத நோயாளியைப் பெட்டியோடு இறக்கும் வீட்டுக்காரர் அரிது என்றாலும், நீட்டிக்கும் இரவுக்கு நாட்காட்டியில் உள்ள விலையையே கேட்பவர் அரிதல்லர், ஏனெனில் அந்த எண்ணை வைத்தது தாமல்ல என்று அவர் சொல்லிக்கொள்ள முடிகிறது. சிகிச்சைக்கு வருபவரிடம் முன்பதிவின்போதே இரண்டு இரவு நீட்டிப்பு பழைய விலைக்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தொடக்க விலையில் இரவுக்கு ஐம்பது ரூபாய் கூட்டி வைப்பது பத்திரமான வழி. நாள் முடிவாகாமல் வருகிற அந்தக் குடும்பம், அந்த உறுதிக்காக ஐம்பது ரூபாயைத் தயங்காமல் கொடுக்கும்.